தகனத்தை நிறுத்திய குடும்பங்கள்

அமிர்திக்கு வந்து மான்களையும் அருவியையும் பார்த்துவிட்டு மாலைக்குள் வேலூர் திரும்பிவிடுகிறவர்களுக்கு ஜவ்வாது மலை ஓர் உல்லாச ஸ்தலம். அந்த மலைமீதும் அதன் அடிவாரத்திலும் குடியிருக்கிறவர்களுக்கோ, சாமையும் கேழ்வரகும் வருஷம் முழுதும் வயிற்றை நிரப்பாத காரணத்தால், கூப்பிட்ட இடத்துக்குக் கூலிக்குப் போயே தீரவேண்டிய பூமி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழில் இத்தனை காலம் செழித்தும், அந்தச் செழிப்பு இந்த மலையேறி வந்ததாகச் சொல்வதற்கில்லை. மலையேறி வந்தவன் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் மேஸ்திரிதான்.

2015 ஏப்ரல் 7 விடியற்காலையில், அன்றைய சித்தூர் ஜில்லா சந்திரகிரிக்கு அடுத்த சேஷாசலக் காட்டில், செம்மரக் கடத்தலைத் தடுப்பதற்கென்று ஆந்திர சர்க்கார் அமைத்திருந்த அதிரடிப் படை தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்தோர் 12 பேர், தருமபுரியைச் சேர்ந்தோர் 7 பேர், சேலத்துக்காரர் ஒருவர். நூற்றுக்கு மேற்பட்டோர் கற்களையும் அரிவாள்களையும் கொண்டு தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்பது படையின் வாக்குமூலம். அப்படிப்பட்ட பெருந்தாக்குதலில் படையினர் ஒருவரும் உயிரிழக்கவில்லை என்பதும், பிரேதங்களுக்கு அருகே கிடந்த கட்டைகள் சிலவற்றில், முன்பே பிடிபட்டவற்றுக்கு இடுவது போன்ற பழைய வர்ணக் குறிகள் தென்பட்டன என்று நிருபர்கள் எழுதியதும், உடன் சென்று தப்பியவர்கள் முந்தின நாளே தங்கள் கூட்டாளிகளைப் பேருந்திலிருந்து போலீசார் இறக்கிக்கொண்டு போனார்கள் என்று சொன்னதும், அந்த வாக்குமூலத்தை அப்படியே ஏற்பதற்குத் தடையாக நின்றன. வட ஆர்க்காட்டுக்குத் தற்காப்பு என்ற இவ்வகை விளக்கம் புதிதுமல்ல. 1980-இல் திருப்பத்தூர் வட்டாரத்தில் நடந்த நக்சலைட்டு வேட்டையை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செய்தி பரவியதும் எழுந்த ஆவேசம் நாம் அறிந்ததே. எல்லையில் பேருந்துகள் நின்றன. ஆந்திரத்தாரின் வியாபார ஸ்தலங்களுக்கு முன்னால் கோஷங்கள் முழங்கின. தமிழன், தெலுங்கன் என்ற பேச்சு தலைதூக்கிற்று. துக்கம் கோபமாக மாறுவது மனித சுபாவம். அதை நான் நிந்திக்கவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட படை, ஒரு குறிப்பிட்ட இரவில், குறிப்பிட்ட மனிதர்களை என்ன செய்தது என்ற கேள்வியை இரண்டு பாஷைக்காரர்களின் சண்டையாக மாற்றினால், பதில் சொல்லவேண்டிய அதிகாரிக்கு அதைவிட சௌகரியம் வேறில்லை.

அமிர்திக்குத் தெற்கே, படவேட்டைச் சூழ்ந்த கிராமங்களின் குடும்பங்கள் செய்தது வேறு. வீடு வந்து சேர்ந்த பிரேதத்தை வைத்துக்கொண்டு தகனத்தைத் தள்ளிப்போடுவது நம் வழக்கத்தில் எவ்வளவு கடினமான காரியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உறவினர் முகம் சுளிப்பார்கள், பெரியவர்கள் சாஸ்திரம் பேசுவார்கள், சித்திரை வெயிலோ காத்திருக்காது. அப்படியிருந்தும், மறு பிரேதப் பரிசோதனை நடந்தாலன்றி 6 உடல்களுக்குச் சடங்கு நடத்துவதில்லை என்று அவர்கள் உறுதியாக நின்றார்கள். மாண்டவர் ஒருவரின் மனைவி சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். உடல்களைப் பாதுகாக்க உத்தரவாயிற்று. அங்கிருந்து ஐதராபாத் உயர்நீதிமன்றம் வரை வழக்குச் சென்று, மறு பரிசோதனைக்கு ஆணை கிடைத்தது. சந்திரகிரி காவல் நிலையத்தில் அதிரடிப் படைக்கு எதிராகவே ஆட்கடத்தல், கொலை என்ற பிரிவுகளில் வழக்குப் பதிவாயிற்று. தப்பிவந்த சாட்சிகளை ஹென்றி திபேனின் மக்கள் கண்காணிப்பகம் டில்லிக்கு அழைத்துச் சென்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நிறுத்திற்று. எழுத்தறிவும் பணமும் செல்வாக்கும் இல்லாத குடும்பங்கள், தங்கள் புருஷர்களைச் சட்டத்தை மீறியவர்கள் என்று ஊரார் பேசிக்கொண்டிருந்த நாட்களிலேயே, சட்டத்தை இத்தனை நிதானத்தோடு பற்றி நின்றதைக் காட்டிலும் மேலான பிரஜா தர்மத்தை நான் கண்டதில்லை.

மரம் வெட்டப் போனவர்கள்தானே என்று கேட்கிறவர்கள் வேலூர் டீக்கடைகளிலும் உண்டு. 2013 டிசம்பரில் அதே சேஷாசலத்தில் வன அதிகாரிகள் இருவர் கொலையுண்டதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்த அதிகாரிகளுடைய குடும்பங்களின் துயரமும் துயரமே. ஆயினும் மரத்தைத் திருடியதற்கு நம் சட்டத்தில் சிறை உண்டு, மரணம் இல்லை. அதையும் விதிப்பவர் நீதிபதியே அன்றித் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் 16 விதிகளை வகுத்தபோது, போலீசார் சுட்டு நேரும் மரணம் ஒவ்வொன்றுக்கும் வழக்குப் பதிவு, சம்பந்தப்படாத அதிகாரிகளின் புலன்விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை ஆகியவை வேண்டும் என்றும், சந்தேகம் தீருமுன் சுட்டவருக்கு விருதோ உடனடிப் பதவி உயர்வோ கூடாது என்றும் சொல்லிற்று. அதற்கு ஏழு மாதங்கள்கூட ஆகாத காலத்தில் நடந்தது இது. மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னதை ஆந்திர சர்க்கார் நீதிமன்றத்தில் எதிர்த்தது.

மேஸ்திரியைப் பற்றி மாத்திரம் இருபுறத்திலும் அதிகம் பேசவில்லை. முன்பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, எங்கே போகிறோம் என்பதைக்கூடத் தெளிவாகச் சொல்லாமல் வாலிபர்களை ஏற்றிச் செல்கிறவனும், அவனுக்கு மேலே கட்டையைத் துறைமுகம் வரை கொண்டுசேர்த்துக் கடல் கடந்து விற்கிறவனும் அந்த விடியற்காலையில் காட்டில் இல்லை. 2018 பிப்ரவரியில் கடப்பை ஜில்லா ஒண்டிமிட்டா ஏரியில் 5 பிரேதங்கள் மிதந்தன. அவர்களும் செம்மரக் கூலிக்குப் போனதாகச் சொல்லப்பட்ட சேலத்துக் கல்வராயன் மலைக்காரர்கள். இடையில் மலைகளில் முன்பண வியாபாரம் நின்றதற்கு அடையாளம் எதையும் காணோம். நம் சர்க்கார் 2015-இல் குடும்பத்துக்கு 3 லட்ச ரூபாய் கொடுத்தது. ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதமும் எழுதிற்று. இனியொரு விதவை இரண்டு ராஜ்யங்களின் உயர்நீதிமன்றப் படிகளைத் தாமாகவே ஏற நேரும்போது, வழக்குச் செலவையும் சாட்சிகளின் பாதுகாப்பையும் சர்க்காரே முன்வந்து ஏற்பதற்கு ஓர் உத்தரவு இப்போதே போட்டு வைக்கலாம்; மலைக்கிராமங்களில் ஆள் பிடிக்கிறவர்கள் யார் என்ற ஜாபிதாவைத் தயாரிக்க அவ்வூர்த் தலையாரியே போதும்.