தள்ளாடும் குட்டியைத் துரத்தலாமா?

நம் வலியசாலைத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் பூனை குட்டி போட்டால் நாலு வீட்டில் ஓடி விளையாடும். அதில் ஒன்று தூணில் முட்டிக்கொண்டு, திண்ணையிலிருந்து உருண்டு விழுந்தால், "இது சரியில்லாத குட்டி" என்று பையில் போட்டுச் சந்தையில் விட்டுவிடுகிறோம். இது நியாயமில்லை.

பூனைக்குட்டி கண் திறக்கவே 7 முதல் 14 நாள் ஆகும். மூன்றாவது வாரத்தில்தான் தள்ளாடி நடக்கும். விழும்போது உடம்பைத் திருப்பிக் காலூன்றும் வித்தை ஏறக்குறைய 7 வாரத்தில்தான் முழுமையாகக் கைவரும். 1894-இல் பிரெஞ்சு விஞ்ஞானி மாரே படம்பிடித்துக் காட்டிய வித்தை அதுதான். அதுவரை முட்டுவதும் மோதுவதும் அதற்குப் பாடம்.

நம் கடமை, கிணற்றை மூடி வைப்பது. விழுந்த குட்டி வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, காலை ஊன்றாவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. சில குட்டிகளுக்குத் தாய் வயிற்றிலேயே வைரஸ் தாக்கிச் சிறுமூளை சரியாக வளராது. தள்ளாட்டம் ஆயுளுக்கும் இருக்கும். அவையும் வீட்டுக்குள் வலியின்றி நன்றாகவே வாழும்.

தள்ளாடுகிறவர்களை என்ன செய்வது என்பதைப் பேரக்குழந்தைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். நாளை நாமும் தள்ளாடுவோம்.