ஒரு தடவையாவது பிரேக் பேடு மாத்திப் பாருங்க

ஒரு கேள்வி. ஹைட்ராலிக் பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு எக்ஸாம்ல கேட்டா, படம் போட்டு மூணு பக்கம் எழுதிடுவோம். ஆனா ஒரு பிரேக் பேடைக் கையில எடுத்துப் பார்த்தவங்க நம்மள்ல எத்தனை பேர்? ஃபைனல் இயர் வந்தும், போன மாசம் வரைக்கும் நான் பார்த்ததில்ல.

இத்தனைக்கும் நம்ம ஏரியாவே பிரேக் செய்யற ஏரியா. 1962ல ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா பாடியில இருக்கு. ரானேயோட பிரேக் லைனிங் ஃபேக்டரி அம்பத்தூர் எஸ்டேட்ல இருக்கு. அந்தப் பக்கமா காலேஜ் பஸ்ல போகும்போது நாம தூங்கிட்டுப் போறோம்.

எங்க வீட்டுப் பழைய வேகன் ஆர், அம்பத்தூர் ஓ.டி. சிக்னல்ல பிரேக் போடும்போதெல்லாம் கீச்சுனு கத்த ஆரம்பிச்சுது. பல பேடுகள்ல ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். பேடு தேய்ஞ்சதும் அது டிஸ்க்ல உரசிச் சத்தம் போட்டு நம்மளை எச்சரிக்கும். கழட்டிப் பார்த்தப்போ மூணு மில்லிமீட்டர்கூட மிச்சமில்ல.

கீழ் வீட்டு அங்கிள் லாரி ஷெட்ல முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவர் கூட நிக்கறேன்னு சொன்னதாலதான் அப்பா ஒத்துக்கிட்டார். பின் வீலுக்குக் கல் வெச்சோம். ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டும் குடுத்தோம். காலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாம கம்பியால கட்டினோம். புதுப் பேடு தடிமனா இருக்கும், அதனால பிஸ்டனை உள்ள தள்ளணும். நான் கீழ சி கிளாம்ப்பை மெதுவா இறுக்க, மேல பானெட்டுக்குள்ள பிரேக் ஆயில் டப்பாவுல அளவு ஏறுது. நாலு வருஷமா எழுதின பாஸ்கல் விதியை அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

ரெண்டு பக்கமும் மாத்தி முடிச்சு, பெருமையா சீட்ல உட்கார்ந்து சாவியில கை வெச்சேன். அங்கிள் ஒரு சத்தம் போட்டார்: "தம்பி, ஸ்டார்ட் பண்ணாத. முதல்ல பெடலை மிதி!"

மிதிச்சேன். பெடல் தரை வரைக்கும் போச்சு. பிரேக்கே இல்ல! பிஸ்டனை உள்ள தள்ளினதால பேடுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி. அஞ்சாறு தடவை மிதிச்ச பிறகுதான் பெடல் கெட்டியாச்சு. அப்படியே ரிவர்ஸ் எடுத்திருந்தா? பின்னாடி தெருவுல சின்னப் பசங்க கிரிக்கெட் ஆடிட்டிருந்தாங்க. எனக்குக் கை நடுங்கிடுச்சு.

"பிரேக்ல போய் விளையாடலாமா, மெக்கானிக்கிட்ட விடு"ன்னு சொல்றவங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. 1000 கிலோ வண்டி 60 கிலோமீட்டர் வேகத்துல போனா, அதுல கிட்டத்தட்ட 1,39,000 ஜூல் ஆற்றல் இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க. அத்தனையையும் நிறுத்தற பொருள் இது. அதனால யூடியூப் வீடியோவை மட்டும் நம்பித் தனியா இறங்காதீங்க. நான் பார்த்த வீடியோவுலயும் பெடல் விஷயம் வந்திருக்கலாம், நான்தான் ஓட்டி விட்டிருப்பேன்.

ஆனா பயந்து ஒதுங்கவும் வேண்டாம். நம்ம லேப்ல பிரேக் மாடலை வெட்டி, கலர் கலரா பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. அதைத் தொட விடறதில்ல. அதுக்குப் பதிலா, ஒரு செமஸ்டர்ல ஒரு நாள் நிஜ வண்டியில எல்லாரும் பேடு மாத்தட்டும். சொல்லிக் குடுக்க பக்கத்து ஷெட்ல இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, கெஸ்ட் லெக்சரர்க்குக் குடுக்கற அதே பணத்தை அவருக்கும் குடுங்க.

"மெக்கானிக் ஆகவா உன்னைப் படிக்க வெச்சேன்?"னு எங்க அம்மா கேட்டாங்க. இல்லதான். ஆனா டிகிரி வாங்கப் போற எனக்குத் தோணாத ஒண்ணு அங்கிளுக்குத் தோணுச்சு. அடுத்த தடவை வண்டியை சர்வீஸுக்கு விட்டா, சாவியைக் குடுத்துட்டு டீக்கடைக்குப் போயிடாதீங்க. பக்கத்துல நின்னு, ஏன் எதுக்குன்னு கேளுங்க.