மூன்று நதிகள் கூடும் நாட்டில் ஒரு நாள்

அமெரிக்கா என்றவுடன் நம்மவர்களுக்கு நினைவு வருவன ஆகாயத்தை முட்டும் கட்டிடங்களும், மோட்டார் வண்டிகளும், சினிமாப் படங்களுந்தான். "பணம் உண்டு, யந்திரம் உண்டு, பழமை மட்டும் கிடையாது. கொலம்பஸ் போய் இறங்கிய பிறகு பிறந்த தேசந்தானே!" என்று அந்த நாட்டின் சரித்திரத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறவர்கள் நம்மில் அநேகர். அத்தகையோருடன் தர்க்கம் செய்ய வேண்டியதில்லை. செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அருகே நதிக்கரையோடு ஒரே ஒரு நாள் சுற்றிக் காட்டினால் போதும். காலையில் கட்டுச்சாத மூட்டையுடன் புறப்பட்டால் விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் திரும்பிவிடலாம். இவ்வாரம் வாசகர்களை அங்கேதான் அழைத்துச் செல்ல உத்தேசித்திருக்கிறோம்.

முதலில் இடத்தை மனத்தில் வாங்கிக்கொள்வோம். ஐக்கிய நாடுகளின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடுவது மிஸிஸிபி நதி. செயின்ட் லூயிஸுக்கு வடக்கே, கிராப்டன் என்ற சிற்றூருக்கு அருகில், இல்லினாய் நதி அதில் வந்து கலக்கிறது. அங்கிருந்து இருபத்தைந்து மைலுக்குள், மேற்கேயிருந்து வண்டல் கலங்கலுடன் மிஸௌரி நதி வந்து சேருகிறது. மிஸிஸிபியின் கிழக்குக் கரை இல்லினாய் ராஜ்யம். மேற்குக் கரை மிஸௌரி ராஜ்யம்.

இந்தப் பெயர்களையே சற்றுக் கவனியுங்கள். மிஸிஸிபி என்பது "பெரிய ஆறு" என்று பொருள்படும் ஒஜிப்வே மொழிச் சொல்லிலிருந்து வந்தது. இல்லினாய், மிஸௌரி இரண்டும் இக்கரைகளில் வாழ்ந்த ஆதிக்குடிகளின் பெயர்கள். அந்த ஜனங்கள் இப்பொழுது எங்கே? உடன்படிக்கை மேல் உடன்படிக்கையாக எழுதி வாங்கிக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களை மேற்கே தள்ளிவிட்டார்கள். இல்லினாய் கூட்டத்தாரின் சந்ததியார் இன்று பியோரியா குலத்தார் என்ற பெயருடனும், மிஸௌரியர் ஓட்டோ குலத்தாருடன் ஒன்று சேர்ந்தும், தூரத்தில் ஒக்லஹோமா ராஜ்யத்தில் வசிக்கிறார்கள். ஆட்களை அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது அந்த நாடு. இந்த விஷயம் நமக்கு இன்று முழுவதும் நினைவில் இருக்கட்டும்.

கூடையால் கட்டிய மலை

செயின்ட் லூயிஸில் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே சில மைல் சென்றால் கஹோகியா வந்துவிடுகிறது. சமதரையான வயல்வெளியில், புல் மூடிய மேடுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரிகின்றன. அவற்றின் நடுவே ஒரு குன்று. உயரம் 100 அடி, அடிவாரம் 14 ஏக்கர், நான்கு அடுக்குகள். இயற்கையாக எழுந்த குன்று என்றே முதலில் பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் அது மனிதர்கள் மண் சுமந்து கொட்டி எழுப்பியது. இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது, பாரம் இழுக்க மாடோ குதிரையோ கிடையாது. கல்லாலும் மரத்தாலும் கிளிஞ்சலாலும் செய்த கருவிகளால் மண்ணைத் தோண்டி, கூடை கூடையாக முதுகில் தூக்கிவந்து கொட்டியிருக்கிறார்கள். இரண்டு கோடி கன அடிக்கு மேற்பட்ட மண் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஏறத்தாழ 1050-ஆம் வருஷத்தையொட்டி இந்த நகரம் திடீரென்று பெருகிற்று. செழிப்பான காலத்தில் பதினாயிரத்திலிருந்து இருபதினாயிரம் பேர் வரை இங்கே வசித்ததாக ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். சோளம் விளைந்தது. தூரத்து ஏரிக்கரையிலிருந்து செம்பும், மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து சங்கும் கிளிஞ்சலும் வந்தன. 120 குன்றுகள் இருந்தன. செம்மரத் தூண்களை வட்டமாக நட்டு, சூரியன் உதிக்கும் திசையைக் கொண்டு பருவங்களைக் கணித்திருக்கிறார்கள். அத்தூண் வட்டத்தின் நடுவில் நின்று பார்த்தால், இரவும் பகலும் சமமாயிருக்கும் நாட்களில், பெரிய குன்றின் வயிற்றிலிருந்தே சூரியன் புறப்படுவது போலத் தோன்றும்.

பெருமையை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நியாயமல்ல. 1967-ஆம் வருஷம் தொடங்கிச் சில ஆண்டுகள் ஒரு சிறு குன்றை அகழ்ந்தார்கள். அதில் 250-க்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. பல்லாயிரம் கிளிஞ்சல் மணிகளின் மீது ராஜமரியாதையுடன் கிடத்தப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள். ஒரே குழியில் ஐம்பதுக்கு மேற்பட்ட இளம் பெண்களும் கிடந்தார்கள். பலியிடப்பட்டவர்கள் என்றே கருதப்படுகிறது. மலை கட்டிய கைகள் இதையும் செய்திருக்கின்றன. எந்த நாட்டின் பழம்பெருமையைப் பேசும்போதும் இப்படி ஒரு குழி எங்கேனும் இருக்கும் என்பதை மறவாதிருப்பது நல்லது.

1350-க்குள் நகரம் காலியாகிவிட்டது. எழுத்து இல்லாத ஜனங்களாகையால், தங்கள் நகரத்துக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. 'கஹோகியா' என்பது பல நூற்றாண்டு கழித்து அப்பக்கம் வந்து குடியேறிய, இல்லினாய் கூட்டத்தைச் சேர்ந்த வேறொரு குலத்தின் பெயர். பெரிய குன்றுக்கோ 'துறவியர் குன்று' என்று பெயர். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். 1809-ஆம் வருஷம் சில கத்தோலிக்கத் துறவிகள் பக்கத்தில் மடம் வைத்துக்கொண்டு இதன் மேல் காய்கறி பயிரிட்டார்கள். நான்கு வருஷத்தில் போயும்விட்டார்கள். மண் சுமந்தவர்களின் பெயர் போயிற்று; கத்தரிக்காய் போட்டவர்களின் பெயர் நின்றுவிட்டது!

படிகளில் ஏறி உச்சிக்குப் போனால் மேற்கே செயின்ட் லூயிஸின் கட்டிடங்கள் தெரிகின்றன. அந்த நகரத்திலும் ஒரு காலத்தில் இத்தகைய குன்றுகள் பல இருந்தன. 'குன்று நகரம்' என்பது அதன் செல்லப்பெயர். அவற்றுள் பெரியதை 1869-க்குள் வெட்டித் தீர்த்து, ரெயில் பாதைக்கு மண்ணாகக் கொட்டிவிட்டார்கள். கஹோகியாவிலேயே 1930-31-ல் பவல் குன்று என்ற பெரிய மேடு ஒன்று பள்ளம் நிரப்பப் போய்விட்டது. மிஞ்சியவற்றைக் காப்பாற்ற ராஜ்ய அரசாங்கம் 1925-லேயே நிலம் வாங்கத் தொடங்கியதால் தப்பியது இவ்வளவு. 1982-ல் இது உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. செயின்ட் லூயிஸில் எஞ்சிய ஒரே குன்றில் ஒரு பகுதியை 2009-ல் ஓஸேஜ் என்ற ஆதிக்குடியினர் விலை கொடுத்து வாங்கினார்கள். 1808-லும் 1825-லும் உடன்படிக்கைகளால் மிஸௌரி நிலங்களை இழந்தவர்கள் அவர்கள். முன்னோர் மண்ணைச் சந்ததியார் ரொக்கம் கொடுத்து மீட்க வேண்டியிருந்தது.

ஆற்றில் எறிந்த அச்சு யந்திரம்

கஹோகியாவிலிருந்து வடக்கே திரும்பினால், மிஸௌரி நதி வந்து கலக்கும் இடத்துக்கு எதிரே ஹார்ட்போர்டு என்ற ஊர். இங்கே 180 அடி உயரமுள்ள பார்வைக் கோபுரம் ஒன்று இருக்கிறது. லூயிஸ், கிளார்க் என்ற இருவர் தம் கூட்டத்தாருடன் 1803-ஆம் வருஷக் குளிர்காலத்தை இப்பக்கத்தில் கழித்துவிட்டு, 1804 மே 14-ந் தேதி மேற்கே புறப்பட்டார்கள். கோபுரத்தின் மேல் நின்று இரண்டு நீரும் கலப்பதைப் பார்த்துவிட்டு ஆல்ட்டன் நகரத்துக்குப் போவோம்.

ஆல்ட்டன் நகரத்துக்கு அப்பெயர் வந்தது, அதை நிறுவியவரின் பிள்ளைக்கு அப்பெயர் இருந்ததால். ஆனால் ஊருக்கு உண்மையான கீர்த்தி தேடித் தந்தவர் ஒரு பத்திரிகாசிரியர். எலைஜா லவ்ஜாய் என்ற பாதிரியார் செயின்ட் லூயிஸில் 'ஆப்ஸர்வர்' என்ற பத்திரிகை நடத்திவந்தார். மிஸௌரி அப்பொழுது அடிமை முறை உள்ள ராஜ்யம். 1836-ல் மக்கின்டாஷ் என்ற கறுப்பு மனிதரை ஒரு கும்பல் மரத்தில் கட்டி உயிருடன் கொளுத்திற்று. கும்பல் முழுவதும் சேர்ந்து செய்ததற்குத் தனிப்பட்டவரைக் குற்றம் சாட்டுவதற்கில்லை என்ற பாணியில் ஜூரிகளுக்கு உபதேசம் செய்தார் நீதிபதி. அவருடைய பெயர் லாலெஸ். ஆங்கிலத்தில் அதற்குச் சட்டமற்றவர் என்று பொருள்! லவ்ஜாய் இதைக் கண்டித்து எழுதினார். அவருடைய காரியாலயம் சூறையாடப்பட்டது.

அடிமை முறை இல்லாத இல்லினாய் ராஜ்யத்துக்குப் போனால் நிம்மதியாக எழுதலாம் என்று ஆற்றைக் கடந்து ஆல்ட்டனுக்கு வந்தார். அச்சு யந்திரம் துறையில் வந்து இறங்கிய இராத்திரியே அதை ஆற்றில் தள்ளினார்கள். வேறு யந்திரம் வாங்கினார். 1837 ஆகஸ்டில் அதையும் உடைத்தார்கள். மூன்றாவதும் செப்டம்பரில் போயிற்று. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டு, ஊரைவிட்டுப் போய்விடும்படி நயமாகச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு நான்காவது யந்திரத்தை வரவழைத்தார்.

அது 1837 நவம்பர் 7-ந் தேதி வந்து சேர்ந்தது. ஆற்றங்கரையில் ஒரு கல் கிடங்கில் வைத்துச் சில நண்பர்களுடன் காவல் இருந்தார் லவ்ஜாய். அன்றிரவு கும்பல் வந்தது. ஏணி சாத்திக் கூரைக்குத் தீ வைக்க முயன்றார்கள். தடுக்க வெளியே வந்த லவ்ஜாய் ஐந்து குண்டுகள் பட்டு விழுந்து இறந்தார். யந்திரத்தைத் துண்டு துண்டாக உடைத்து மிஸிஸிபியில் எறிந்தார்கள். அவருடைய முப்பத்தைந்தாவது பிறந்த நாளன்று அவரை அடக்கம் செய்தார்கள். வழக்கு நடந்தது; ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

அத்துடன் கதை முடிந்ததா? செய்தி வடநாடு முழுவதும் பரவிற்று. அதுவரை சும்மா இருந்தவர்கள் பலர் அடிமை ஒழிப்பு இயக்கத்தில் சேர்ந்தார்கள். 1838 ஜனவரியில் ஸ்பிரிங்பீல்டு நகரத்தில் பேசிய ஓர் இளம் வக்கீல், அச்சு யந்திரங்களை ஆற்றில் எறியும் கும்பலாட்சியைக் கண்டித்தார். அவர்தான் ஆப்ரகாம் லிங்கன். இருபது வருஷம் கழித்து, 1858 அக்டோபர் 15-ந் தேதி, டக்ளஸுடன் அவர் நடத்திய புகழ்பெற்ற விவாதங்களில் கடைசி விவாதம் இதே ஆல்ட்டனில் நடந்தது. பல வருஷம் அடையாளக் கல்கூட இல்லாமல் கிடந்த லவ்ஜாயின் நினைவுக்கு 1897-ல் ஊரார் பெரிய ஸ்தம்பம் எழுப்பினார்கள். உச்சியில் சிறகு விரித்த வெற்றித் தேவதை நிற்கிறாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அவசரமின்றிச் சிறிது நேரம் நின்றுவிட்டு வர வேண்டும்.

பாறையில் ஒரு பட்சி

ஆல்ட்டனிலிருந்து கிராப்டன் வரை சுமார் பதினைந்து மைல் தூரமும் ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மறு பக்கம் நதி. தெற்கே ஓடும் மிஸிஸிபி இவ்விடத்தில் கிழக்கே திரும்பி ஓடுகிறது. சைக்கிளில் போகிறவர்களுக்குத் தனிப் பாதையும் இருக்கிறது. புறப்பட்டவுடனே பாறையில் தீட்டிய ஒரு பெரிய சித்திரம் கண்ணைப் பறிக்கும். கொம்பும் சிறகும் செதிளும் கொண்ட பயங்கர உருவம். பெயர் பையஸா பட்சி. மனிதரைத் தின்று வந்த இப்பறவையை ஒரு வீரத் தலைவன் தந்திரமாகக் கொன்றான் என்று கதை சொல்வார்கள்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஜான் ரஸ்ஸல் என்ற ஆசிரியர் 1836-ல் எழுதினார். பெரும்பாலும் தம் கற்பனையே என்று பின்னால் ஒப்புக்கொண்டார். 1673-ல் இவ்வழியே தோணியில் வந்த பாதிரியார் மார்க்கெத், பாறையில் இரண்டு உருவங்களைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். கொம்பு உண்டு, மனித முகம் உண்டு, நீண்ட வால் உண்டு. சிறகைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்த அசல் சித்திரம் பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டிடத்துக்கும் உடைத்ததில் போய்விட்டது. இன்று நாம் காண்பது பிற்காலத்தார் தீட்டியது. ஆதிக்குடிகள் வரைந்த சித்திரம் அழிந்தது. வந்தவர்கள் கட்டிய கதை நிலைத்தது. குழந்தைகளை அழைத்துச் செல்கிறவர்கள் கதையையும் சொல்லலாம். இந்த உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிராப்டனுக்கு அப்பால் மார்க்கெத் பெயரால் விளங்கும் பெரிய வனப் பூங்கா. சுமார் 8,000 ஏக்கர். 1930-களில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், அரசாங்கம் இளைஞர்களைத் திரட்டி, கல்லும் மரமும் கொண்டு இங்கே விடுதி கட்டச் செய்தது. விடுதிக்குப் பின்னால் மலைப்பாதையில் ஏறி மேட்டில் நின்றால் இல்லினாய் நதி கீழே தெரிகிறது.

குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கு ஒரு விசேஷக் காட்சி உண்டு. அமெரிக்கரின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகுகள் வடக்கே நீர் உறைந்ததும் இங்கே மீன் தேடி வருகின்றன. ஒரு காலத்தில் டி.டி.டி. மருந்தால் முட்டை ஓடு மெலிந்து, அந்த இனமே அருகிப் போயிற்று. 1972-ல் மருந்தைத் தடுத்தார்கள், பாதுகாத்தார்கள், 2007-ல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து அது நீங்கிற்று. இன்று குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் வருகின்றன.

மனிதர் மனம் வைத்தால் கழுகு திரும்பி வரும். ரெயில் பாதைக்கு வெட்டிய குன்று திரும்பி வராது. உடைத்த பாறைச் சித்திரமும் வராது. ஆகையால் ஊருக்குப் புறத்தே பெயர் தெரியாத மண்மேடு ஒன்று இருக்கக் கண்டால், வாசகர்கள் அதை வெறும் மண் என்று எண்ணிவிட வேண்டாம். யார் சுமந்த மண் என்று ஒரு முறை விசாரித்துவிட்டுப் பிறகு மண்வெட்டியை எடுக்கலாம்.