பெயர்ச் சண்டையில் மறந்த செய்தி

2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழொன்றில் வந்த ஆய்வுக் கட்டுரை நாட்டில் பெருஞ்சினத்தைக் கிளப்பியது. கிருமியின் மரபணுவுக்குப் புது தில்லியின் பெயரைச் சூட்டலாமா என்பதே அன்றைய வாதம். கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி என்பதும், அம்மரபணு காணப்பட்ட கிருமிகளுள் 44 சென்னையில் கிடைத்தவை என்பதும் பலர் நினைவில் தங்கவில்லை.

என்.டி.எம்.-1 எனும் அம்மரபணு, கார்பபெனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது. பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அமர்ந்திருப்பதால், ஈ.கோலையிலிருந்து கிளெப்சியெல்லாவுக்குக்கூடக் கைமாறுகிறது. தன் வழித்தோன்றலுக்கு மட்டுமன்று, அண்டை வீட்டாருக்கும் வழங்கப்படும் சொத்து அது. குடலில் வாளாவிருக்கும் இக்கிருமி குருதியில் புகுந்தால் எஞ்சும் மருந்துகள் கொலிஸ்டின் போன்ற சிலவே. அதுவோ சிறுநீரகத்தை வருத்தக்கூடியது.

திண்டிவனத்திலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுவருவோர், முன்பு போட்ட ஊசியின் சீட்டையும் கொண்டுவருதல் வேண்டும். நோயெதிர்ப்பு மருந்து ஏறுமுன் எடுத்த குருதியில்தான் கிருமி நன்கு வளர்ந்து தன்னைக் காட்டும். முடிவுக்கு இரண்டு மூன்று நாளாகும். அதுவரை மருத்துவர் வாளா இருப்பதில்லை, ஊகித்துத் தொடங்குகிறார். பின்னர் மருந்தைக் குறைத்தால் உறவினர் சினங்கொள்வது முறையன்று. கிருமி இன்னதெனத் தெரிந்ததாலேயே குறைக்கிறார்.

2014 மார்ச் முதல், எச்1 அட்டவணை மருந்துகளை விற்கும் கடைக்காரர் நோயாளி, மருத்துவர் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காத்தல் சட்டம். கடைக்காரரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. சீட்டின்றி அவரிடம் கை நீட்டுவோர் நாம்தாமே.