ஓய்வு நாளும் தேக நியமமும்

போகிக்கு முந்திய நாள் அதிகாலையில், இரவு முழுவதும் உலையின் அனலருகே நின்று உழைத்த தொழிலாளி ஒருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் வாயிலைக் கடந்து, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சென்னை சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் இடம்பிடித்து, அங்கிருந்து பஸ் மாறித் தென்மாவட்டத்துக் கிராமமொன்றுக்கு அன்றிரவு போய்ச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நிற்கும் தாயார் முதலில் சொல்லும் வார்த்தை, ‘இப்படி இளைச்சுப் போயிட்டியேப்பா’ என்பதாகத்தான் இருக்கும். உண்மையில் அவர் இளைக்கவில்லை. போன பொங்கலுக்கு இருந்ததைவிட இடுப்பு இரண்டு விரற்கடை பெருத்திருக்கிறது. வாடியிருப்பது முகம். நித்திரை கெட்ட முகத்தையும் பெருத்துவரும் வயிற்றையும் ஒரே தேகத்தில் சேர்த்துவைப்பது நைட் ஷிப்டின் இயல்பு.

விடுமுறை வந்தால் உணவுக் கட்டுப்பாடும் தேகப் பயிற்சியும் குலைந்துபோகும், ஆகையால் விழிப்பாயிருக்க வேண்டும் என்று வைத்தியர்களும் பத்திரிகைகளும் எச்சரிப்பது வழக்கம். பகலில் பணியும் இரவில் உறக்கமுமாக வாழ்கிறவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும், மறுவாரம் பிற்பகல் இரண்டு மணிக்கும், அதற்கடுத்த வாரம் இரவு பத்து மணிக்குமாக வேலைக்குள் நுழைகிற திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதித் தொழிலாளர்களுக்கு அந்த எச்சரிக்கையை அப்படியே ஒப்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுடைய தேகம் நியமம் கெட்டுக் கிடப்பது வேலை நாட்களில்தான். இருட்டில் உறங்கி, வெளிச்சத்தில் விழித்து, பசித்த நேரத்தில் வீட்டுச் சோற்றை உண்ணும் பாக்கியம் அவர்களுக்கு வாய்ப்பது லீவு நாட்களில் மட்டுமே. எடையைக் குறைக்கவேண்டும் என்ற சங்கற்பத்தை விடுமுறை முடிந்ததும் தொடங்குவதாக அவர்கள் ஒத்திப்போடுவது, விளைநிலம் ஈரமாயிருக்கும்போது விதையைக் கட்டிவைத்துவிட்டு வெயில் காய்ந்தபின் உழப் போவதற்கு ஒப்பாகும்.

இது வெறும் அபிப்பிராயமன்று. நம் உடலின் அணுக்களுக்குள் பகலிரவை அளந்துகொண்டு ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் சூட்சுமத்தை விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. பகலில் உண்ட இட்லியிலிருந்து ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உடல் கையாளும் அளவு திறமையாக, இரவு இரண்டு மணிக்குக் கேன்டீனில் உண்ட அதே இட்லியின் சர்க்கரையை அது கையாள்வதில்லை. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்து, போதும் என்று சொல்லும் சுரப்பு தணிகிறது. இவ்வாறு மாதக்கணக்கில் சேர்ந்த கேட்டை நாலு நாள் ஓய்வு முற்றிலும் போக்கிவிடாதுதான். ஆயினும் கடிகாரத்தைச் சூரியனோடு மீண்டும் பொருத்திவைக்க அதைவிட்டால் வேறு அவகாசம் ஏது?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் விடுமுறைப் பிரயாணம் சென்ற 122 பேரின் எடையைக் கணக்கிட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக ஒருவருக்கு ஏறியது ஏறத்தாழ 300 கிராம்தான் என்று கண்டார்கள். அற்பமாகத் தோன்றும் அந்த எடை ஆறு வாரம் கழிந்தபின்னும் இறங்கவில்லை என்பதும், அவர்களுடைய நடமாட்டம் விடுமுறையில் குறைந்துவிடவில்லை, மிகுந்தது உணவும் அதனினும் முக்கியமாக மதுவும் என்பதும் கவனிக்கத்தக்கவை. நம் ஊரிலும் பொங்கல் லீவைக் கெடுப்பது அம்மா வார்க்கும் நெய்யன்று. மாலையில் நண்பர்கள் கூடுமிடத்துப் புட்டியும் அதற்குத் துணையாக வரும் வறுவலுமே. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டு ஆண்களில் 37 சதவீதத்தினரும், பெண்களில் 40 சதவீதத்தினரும் மிகை எடையுள்ளவர்கள். இதைப் படித்தபின் அந்தப் புட்டியைப் பண்டிகையின் அங்கமாகக் கருத மனம் ஒப்பவில்லை.

எடை பார்க்கும் கருவி ஊரில் இல்லையே என்று எவரும் விசாரப்பட வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகளுக்கு அரைஞாண் கயிறு கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது தளர்கிறதா, இறுகுகிறதா என்பதை விரல் நுழைத்துப் பார்த்தாலே போதும். இந்தியரைப் பொறுத்தமட்டில் இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பது வைத்தியர்கள் வகுத்த எல்லை. விடுமுறையில் எடை குறைந்தே தீரவேண்டும் என்று பட்டினி கிடந்து பெற்றவளின் மனத்தை நோகச் செய்வதைவிட, கயிறு இறுகாமல் திரும்பி வருவதையே நோக்கமாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்குகிறவர்களுக்கும் குறையொன்றும் இல்லை. சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி 1944 முதல் கொசஸ்தலை ஆற்று நீரைத் தேக்கிவைக்கும் பூண்டி ஏரியும், தை மாதத்தில் பூநாரைகள் வந்திறங்கும் பழவேற்காடும் காணும் பொங்கலன்று ஜனத்திரளால் நிறைகின்றன. வண்டியைச் சற்றுத் தொலைவில் நிறுத்திவிட்டுக் குழந்தைகளோடு அரைமணி நடந்தால், வாரத்துக்கு 150 நிமிஷம் என்று உலக சுகாதார நிறுவனம் விதித்த அளவில் ஐந்திலொரு பங்கு அன்றைக்கே நிறைவேறும். இம்மாவட்டத்திலேயே இன்னும் உயர்ந்த ஒரு முன்மாதிரி உண்டு. ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைமாரைத் தேடிப்போய் வணங்கிய ஜனங்களைத் திருத்தணிகை முருகனிடம் திருப்ப வேண்டுமென்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிய திருப்படித் திருவிழாவில், டிசம்பர் 31 அன்று அடியார்கள் படிக்கொரு திருப்புகழ் பாடி 365 படிகளையும் ஏறுகிறார்கள். கொண்டாட்டமும் தேக உழைப்பும் வெவ்வேறு என்ற எண்ணமே அங்கு எழுவதில்லை. வாகனம் செல்லும் பாதை மலைமேல் உள்ள இக்காலத்திலும், முழங்கால் திடமாயிருப்பவர்கள் படிவழியே ஏறுவதுதான் அழகு.

இவ்வளவும் தொழிலாளியின் கடமை. ஆலைகளின் கடமை என்று ஒன்று உண்டு. அதைப் பேசாமல் தொழிலாளிக்கு மட்டும் உபதேசம் செய்வது நியாயமாகாது. ஓராண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்புத் தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தபோது, உழைத்த சரீரம் தேறவேண்டும் என்பதே அதன் தாத்பரியமாக இருந்தது. அந்த விடுப்பைக் காசாக்கி வாங்கிக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக லீவை விற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் விற்கவேண்டிய நிலைமையைத் தொழிற்சங்கங்கள் கேள்வி கேட்டே ஆகவேண்டும். லீவுக்கு முந்தின இரவு நைட் ஷிப்ட் போடாதிருந்தால், பிரயாணக் களைப்போடு உறக்கக் கடனும் சேராது. நாலு நாள் பகலில் விழித்து இரவில் உறங்கிப் பழகிய மனிதரை, ஊரிலிருந்து வந்திறங்கிய அன்றிரவே பத்து மணிக்கு உலையின் முன் நிறுத்தாமல், முதல் இரண்டு நாளைக்காவது காலை ஷிப்டில் போட்டுக் கொடுக்க மேலாளர்களுக்குத் தேவைப்படுவது ஷிப்ட் அட்டவணையில் ஒரு சிறு திருத்தம் மட்டுமே.