சீனக்குடாவில் எத்தனை தாங்கி வேண்டும்?

திருகோணமலையின் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசி வந்த பிறகு கீழ்த் தொகுதி உழைக்கிறது. மேல் தொகுதி பற்றைக்குள் துருவேறிக் கிடக்கிறது. 2022 ஜனவரி ஒப்பந்தம் 61 தாங்கிகளை, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் ஐஓசி 49 வீதமும் வைத்திருக்கும் கூட்டு நிறுவனத்திடம் 50 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. 2072 வரை எண்ணெய் இதே அளவில் விற்குமென்று யார் உறுதி சொல்வது?

தேயும் தொழிலில் இருப்பவருக்கு நான்கு வழி உண்டென்று முகாமைத்துவ அறிஞர்கள் ஹாரிகனும் போர்ட்டரும் 1983இலேயே எழுதினார்கள்: மிஞ்சுவோரில் முதல்வராகுதல், தேயாத மூலையொன்றைப் பிடித்தல், புது முதல் போடாமல் வருமானத்தை அறுவடை செய்தல், விலை கிடைக்கும்போதே விற்று விலகுதல். திருகோணமலைக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். முச்சக்கரவண்டி மின்கலத்துக்கு மாறிவிடும். சமுத்திரம் கடக்கும் சரக்குக் கப்பல் அவ்வளவு சுலபமாக மாறாது. ஆழமான இயற்கைத் துறைமுகம் இருக்கிறது, ஐஓசியின் மசகு எண்ணெய் ஆலையும் இங்கேயே இருக்கிறது. ஆகவே கப்பல் எரிபொருளையும் மசகு எண்ணெயையும் பிடித்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் கையெழுத்திட்ட அளவுக்கு மட்டும் தாங்கிகளைத் திருத்த வேண்டும். 61ஐயும் ஒரேயடியாகத் திருத்துவது கடன்பட்ட நாட்டின் பணத்தைத் துருவுக்குக் கொடுப்பது.

விலகுவதும் அவமானமல்ல. திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டுமுன்பே 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது.