பெரும்பாக்கம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் - ஓர் அறிமுகம்

போன ஞாயித்துக்கிழமை டல்லாஸ்ல இருந்து மச்சான் போன் பண்ணியிருந்தார். புது வீடு வாங்கியிருக்காராம். சந்தோஷம், எத்தனை பெட்ரூம், கிச்சன் பெருசான்னு நான் கேட்க, மனுஷன் அதையெல்லாம் விட்டுட்டு முக்கால் மணி நேரம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பத்தியே பேசினார். பத்துக்குப் பத்து ரேட்டிங்காம். வீட்டு வாசல்லயே மஞ்சள் பஸ் வருமாம். ஃபீஸ் பைசா கிடையாதாம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு வாங்க எக்கச்சக்கமா கூடக் குடுத்தாராம். கடைசியில கேட்டார் பாருங்க ஒரு கேள்வி:

"உங்க பெரும்பாக்கத்துல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி மாப்ள?"

இதுக்குப் பதில் சொல்லாம விட்டா தூக்கம் வராதுன்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க ராத்திரி வந்து படிங்க.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். மேடவாக்கத்துல இருந்து சோழிங்கநல்லூர் போற ரோட்டுல நடுவுல வரும் எங்க ஊர். ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒரு பக்கம் ஓ.எம்.ஆர். பொட்டி தட்டுறவங்க எல்லாம் லோன் போட்டு வந்து குடியேறின கேட் வச்ச அபார்ட்மெண்டுங்க. அந்த விளம்பரத் தட்டிகள்ல நீச்சல் குளம் படத்துக்குக் கீழ தவறாம ஒரு வரி இருக்கும்: முன்னணிப் பள்ளிகள் பத்தே நிமிடத்தில். அந்தப் பத்து நிமிஷம் ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி ஓட்டிப் பார்த்த கணக்குன்னு நினைக்கிறேன். அது வேற கதை.

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தோட புதுக் கட்டடமும் இங்கதான் இருக்கு, 2022 ஜனவரியில திறந்தாங்க. அதே ஊர்ல நம்ம அபார்ட்மெண்ட் பசங்க தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாங்க. அதுவும் வேற கதை.

நம்ம கதை இன்னொரு பக்கம் இருக்கு. தட்டியில வராத பெரும்பாக்கம் அது. குடிசை மாற்று வாரியம் கட்டின எட்டு மாடி பிளாக்குங்க, வரிசை வரிசையா. (வாரியத்துக்கு 2021-ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர் மாத்திட்டாங்க. ஜனங்க வாயில இன்னும் ஹவுசிங் போர்டுதான்.) இருபதாயிரத்துக்கு மேல வீடு. கூவம் கரை, அடையாறு கரையில இருந்தவங்களை, குறிப்பா 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம், இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து இறக்கினாங்க. கல்வியாண்டு நடுவுல. நேத்து வரைக்கும் சைதாப்பேட்டையில படிச்ச பிள்ளை, இன்னைக்குப் பெரும்பாக்கத்துல. வேலை அங்க, வீடு இங்க. வீடு முதல்ல வந்துது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் பின்னாடி மெதுவா நடந்து வந்துது.

காலையில எட்டு மணிக்கு எங்க ரோட்டுல நின்னு பாருங்க. கேட்டுக்குள்ள இருந்து வேன் வேனா பிள்ளைங்க வெளியூர் போகுது. போர்டு பக்கத்துல இருந்து பிள்ளைங்க பக்கத்து அரசுப் பள்ளிக்கு நடந்து போகுது. ரெண்டு கூட்டமும் ஒரே சிக்னல்ல நிக்குது. ஒரு நாளும் ஒரே பெஞ்சுல உட்கார்றதில்லை.

இதான் மச்சான், எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்.

இப்ப உங்க ஊர் பெருமைக்கு வருவோம். உங்க டெக்சாஸ்லயே சான் அன்டோனியோன்னு ஒரு ஊர் இருக்கு. அங்க எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ்னு ரெண்டு டிஸ்ட்ரிக்ட். எட்ஜ்வுட்ல பெரும்பாலும் ஏழை மெக்சிகன் வம்சாவளிக் குடும்பங்கள். 1967-68 கணக்கு சொல்றேன் கேளுங்க. எட்ஜ்வுட் ஜனங்க நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினாங்க. அலமோ ஹைட்ஸ்ல 85 சென்ட்தான். ஆனா அந்த உள்ளூர் வரியில ஒரு பிள்ளைக்குக் கிடைச்சது எட்ஜ்வுட்ல 26 டாலர், அலமோ ஹைட்ஸ்ல 333 டாலர். அதிக விகிதத்துல வரி கட்டினவனுக்குக் கம்மி. ஏன்னா அவன் வீட்டு மதிப்பே கம்மி. மாநில, மத்தியப் பணமெல்லாம் சேர்த்த பிறகும் 356-க்கு 594. ரோட்ரிகஸ்னு ஒரு தகடு வேலை செய்யற தொழிலாளி கேஸ் போட்டார். 1973-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு: எங்க அரசியல் சட்டத்துல கல்வி அடிப்படை உரிமை இல்லை, போயிட்டு வாங்க. 1993-ல டெக்சாஸ்காரங்களே பணக்கார டிஸ்ட்ரிக்ட் பணத்துல கொஞ்சம் எடுத்து ஏழை டிஸ்ட்ரிக்டுக்குக் குடுக்க சட்டம் போட்டாங்க. ஜனங்க அதுக்கு வச்ச பேரு ராபின் ஹூட்.

ஆக, பத்துக்குப் பத்து ரேட்டிங்ல பாதி வாத்தியாரோட மார்க் இல்லை, கோட்டோட மார்க். வீடு வாங்க முடிஞ்சவன் உள்ள, முடியாதவன் வெளிய. மச்சான் வாங்கினது வீடு இல்லை, அந்தக் கோடு.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். கோட்டுக்கு உள்ள வந்த அப்புறம் அவங்க அரசுப் பள்ளியைக் கைவிடலை. டாக்டர் பிள்ளையும் அங்கதான், பஸ் டிரைவர் பிள்ளையும் அங்கதான். கணக்கு டீச்சர் சரியில்லையா, போர்டு மீட்டிங்ல எழுந்து நின்னு கத்துறாங்க. என் பள்ளிக்கூடம்னு நினைக்கிறவன்தான் கத்துவான்.

நம்ம ஊர்ல என்ன நடந்துது? இங்க கல்வி அடிப்படை உரிமை. 2002-ல அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாங்க, சட்டம் 2010 ஏப்ரல் ஒண்ணாந் தேதியில இருந்து அமல்ல இருக்கு. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள பள்ளி இருக்கணும்னு விதி. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும்னு சட்டம். பொதுப் பள்ளி முறை, அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் ஒரே பள்ளியிலன்னு கோத்தாரி கமிஷன் 1966-லயே சொல்லிட்டுப் போயிருச்சு. அமெரிக்காக்காரனுக்கு இல்லாத சட்டம் நம்மகிட்ட இருக்கு. அவன்கிட்ட இருக்கிற கோடு நம்மகிட்ட இல்லை. போர்டு வீடும் ஒரு கோடி ரூபா ஃபிளாட்டும் நடந்து போற தூரத்துல இருக்கு. எந்தச் சட்டமும் என் பிள்ளையைத் தடுக்கலை.

அப்ப யார் தடுத்தது? நானேதான். அவங்க வீட்டு விலையில கோடு போட்டாங்க, நாம ஃபீஸ் ரசீதுல போட்டோம். சம்பளத்துல வரி கட்டறோம், அந்த வரி மேல கல்விக்கும் சுகாதாரத்துக்கும்னு 4 சதவீதம் செஸ் கட்டறோம், அப்புறம் தனியாருக்கு லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டறோம், அப்புறம் டியூஷன். ஒரே சாப்பாட்டுக்கு மூணு ஹோட்டல்ல பில் கட்டிட்டு ஏப்பம் வேற விடறோம்.

"சார், கவர்மெண்ட் ஸ்கூல்ல தரம் இல்லை சார்." இதான் உடனே வர்ற பதில். எந்தத் தரம்? பி.எட்., தகுதித் தேர்வு, போட்டின்னு வடிகட்டி எடுத்த வாத்தியார் அங்க இருக்கார். என் பொண்ணு படிக்கிற பள்ளியில (பேர் வேண்டாம், டி.சி. குடுத்துருவாங்க) மூணு வருஷத்துல நாலு கணக்கு டீச்சர் மாறியாச்சு. சம்பளம் பத்தலைன்னு போயிட்டாங்க. அட்மிஷன் அப்போ பொண்ணுகிட்ட ரெண்டு கேள்வி, எங்ககிட்ட இருபது கேள்வி. நான் என்ன படிச்சேன், தங்கமணி என்ன படிச்சாங்கன்னு. படிச்ச வீட்டுப் பிள்ளையா பொறுக்கி எடுத்துட்டு ரிசல்ட்டைத் தட்டியில போட்டுக்கிறதுக்குப் பேரு தரம்னா, அதே கோடுதான் அது.

அரசுப் பள்ளியில குறையே இல்லைன்னு நான் சொல்ல வரலை. குறை இருக்கு. ஆனா நீங்க தரம்னு சொல்ற வார்த்தைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற வார்த்தை வேற. எங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல ஒருத்தர் அதை வெளிப்படையாவே சொன்னார்: "அந்தப் பசங்களோட சேர்ந்தா கெட்டுடுவாங்க சார்."

எந்தப் பசங்க? உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற அக்காவோட பசங்க. கேட்டுல உங்களுக்கு சல்யூட் அடிக்கிறவரோட பசங்க. அவங்க உழைப்பு கேட்டுக்குள்ள வரலாம், அவங்க பிள்ளை பெஞ்சுக்கு வரக்கூடாது. பக்கத்துல கண்ணகி நகர் இருக்கே, முகவரி சொன்னாலே வேலை கிடைக்காதுன்னு பசங்க வேற ஏரியா பேர் சொல்லிட்டு இருந்த இடம். அந்தக் கண்ணகி நகர்ல இருந்து வந்த கார்த்திகாதான் 2025-ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல கபடியில இந்தியாவுக்காகத் தங்கம் வாங்கிட்டு வந்தாங்க. அன்னைக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்ல அத்தனை பேரும் கைதட்டற பொம்மை போட்டோம். அந்தப் பொண்ணோட ஒரே கிளாஸ்ல உன் பொண்ணு படிக்கட்டுமான்னு கேட்டிருந்தா? குரூப்பே அமைதியாயிருக்கும். நானும்தான்.

அரசாங்கம் முதல்ல சரி பண்ணட்டும், அப்புறம் நாங்க வர்றோம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 2015 ஆகஸ்ட்ல அலகாபாத் ஐகோர்ட் உத்தரப் பிரதேசத்துல ஒரு தீர்ப்பு சொல்லுச்சு: அரசு ஊழியர், மக்கள் பிரதிநிதி, நீதிபதின்னு அரசுப் பணத்துல சம்பளம் வாங்குற எல்லாரும் பிள்ளைங்களை அரசு ஆரம்பப் பள்ளியில சேர்க்கணும், தனியார்ல சேர்த்தா அந்த ஃபீஸ் அளவுக்கு அரசாங்கத்துக்கும் பணம் கட்டணும்னு. நடக்கலை. ஆனா அந்த நீதிபதி நோயைச் சரியாப் புடிச்சார். முடிவு எடுக்கிறவன் பிள்ளை அங்க இல்லாத வரைக்கும் கக்கூஸ் கதவு சரியாகாது. போர்டுல இருக்கிற அம்மா மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரணும்னா ஒரு நாள் கூலி போகும். அப்படியும் வர்றாங்க, கேக்குறாங்க. நாம ஒரு மெயில்ல கேட்டிருக்கலாம். நம்ம பிள்ளைதான் அங்க இல்லையே, நமக்கென்ன?

சரி, ஊருக்கு உபதேசம் போதும். என் பையனுக்கு இந்த வருஷம் ஒண்ணாங் கிளாஸ். போன வாரம் லீவு போட்டுட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போனேன். பேன்ட், ஷூ, கழுத்துல மறந்துபோன ஆபீஸ் டேக். தலைமை ஆசிரியை எழுந்து நின்னு கேட்டாங்க:

"நோட்டு குடுக்க வந்தீங்களா சார்?"

செருப்பால அடிச்ச மாதிரி இருந்துது. அவங்க தப்பா எதுவும் கேக்கலை. என்னை மாதிரி ஆளு அந்த வாசலுக்கு வந்தா அதுக்குத்தானே வந்திருக்கான் இத்தனை வருஷமா. நோட்டு குடு, போட்டோ எடு, போ.

"இல்ல மேடம், பையனைச் சேர்க்கிறதுக்கு விசாரிக்க வந்தேன்."

ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம் உட்காரச் சொல்லி, "தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?"ன்னு கேட்டாங்க. என் படிப்பு பத்தி ஒரு கேள்வி கூடக் கேக்கலை.

வீட்டுல வந்து சொன்னேன். தங்கமணி சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன். போடலை. "பொண்ணை அங்க போட்டுட்டு பையனை மட்டும் வச்சு புரட்சி பண்றீங்களா?"ன்னு ஒரே கேள்வி. என்கிட்ட பதில் இல்லை. ராத்திரி சாப்பிட்ட அப்புறம், "திங்கக்கிழமை நான் போய் பாக்குறேன். கிளாஸ்ல உட்கார விடுவாங்களான்னு கேளுங்க"ன்னாங்க. அட்மிஷன் ஃபார்ம் ஃபிரிட்ஜ் மேல இருக்கு.

மச்சான், ரேட்டிங் கேட்டீங்கல்ல? பள்ளிக்கூடத்துக்கு நான் இன்னும் மார்க் போடலை. எனக்கு நானே போட்டுக்கிட்டேன். பத்துக்கு ரெண்டு.

டிஸ்கி: அபார்ட்மெண்ட் குரூப்ல இந்தப் பதிவை ஃபார்வர்டு பண்றவங்க, ஆட்டோ அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வாங்க. நோட்டு இல்லாம.